கணக்கில் குறை வைக்காதவர்கள்

நாட்டின் பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் கம்பியால் இணைக்கும் வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்ட பெருமக்களைக் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து நாங்கள் இன்னும் வாய்நிறையப் புகழவில்லை. தில்லியில் திட்டம் தீட்டியவர்கள், சென்னையில் டெண்டர் விட்டவர்கள், பல்கலைக்கழக அலுவலகங்களில் கோப்பில் கையெழுத்திட்டவர்கள் எல்லோரையும் சேர்த்தே சொல்கிறேன். பெரிய கடன் இது. இனியும் தாமதித்தால் நன்றி கெட்டவர்கள் ஆவோம்.

முதலில் உங்கள் எண்ணும் திறமை. 2009-இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் தகவல் தொழில்நுட்பம் வழியே உயர்கல்வியை வளர்க்கும் தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. பல்கலைக்கழகம் என்றால் நொடிக்கு 1 கிகாபிட், அதன்கீழ் வரும் கல்லூரி என்றால் குறைந்தது 512 கிலோபிட் வேகத்தில் சில பிராட்பேண்ட் இணைப்புகள் என்று அளவு வகுத்தீர்கள். அடுத்த ஆண்டே, 2010 மார்ச்சில், தேசிய அறிவு வலைப்பின்னலுக்கு 5,990 கோடி ரூபாய் ஒப்புதல் ஆனது. இலக்கு 1,500 நிறுவனங்கள். எண்ணிக்கையில் அந்த இலக்கையும் தாண்டினீர்கள். எந்த நிறுவனத்துக்குக் கம்பி போனது, எந்தத் தேதியில் போனது, எத்தனை மெகாபிட் என்று கேட்டால் பட்டியல் தயாராக இருக்கும். அந்தக் கம்பியில் என்ன ஓடுகிறது என்று நாங்கள் உங்களைக் கேட்டதில்லை, நீங்களும் எங்களைக் கேட்டதில்லை. இவ்வளவு ஆண்டுகள் ஒருவரையொருவர் சங்கடப்படுத்தாமல் நடந்த அரசுத் திட்டங்கள் குறைவு.

அடுத்து, எங்களுக்கு நீங்கள் பழக்கிய பொறுமை. கல்வராயன் மலை ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர். கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி என்று மாவட்டங்கள் பங்கிட்டுக்கொண்ட மலை. காடு எங்கே மெலிகிறது, மரவள்ளி எந்தச் சரிவில் ஏறுகிறது, கோமுகி அணைக்கு வரும் ஓடைகளின் நீர்ப்பிடிப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டுமானால், அதற்கான படம் ஏற்கெனவே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை இந்த மலையைப் படம் பிடிக்கின்றன. துல்லியம் 10 மீட்டர். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

நூறு கிலோமீட்டருக்கு நூறு கிலோமீட்டர் பரப்பைக் காட்டும் ஒரு படம் 800 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வகுத்துக் கொடுத்த 512 கிலோபிட்டில் அதை இறக்க மூன்றரை மணி நேரம் ஆகும். ஓராண்டுப் படங்கள் எழுபத்து மூன்றையும் இறக்கப் பத்தரை நாள், அதுவும் இரவு பகலாக, கல்லூரியில் வேறு ஒருவரும் அந்த இணைப்பைத் தொடாமல் இருந்தால். பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கிய 1 கிகாபிட்டில் இதே வேலை எட்டு நிமிடம். இன்று 512 கிலோபிட் காலம் மலையேறிவிட்டது, உண்மைதான். நொடிக்கு 100 மெகாபிட் ஃபைபருக்குச் சந்தா கட்டும் கல்லூரிகள் இருக்கின்றன. அந்த நூறையும் அலுவலகம், தேர்வுப் பிரிவு, ஆயிரம் கைபேசிகள் எல்லாம் பங்கு போட்ட பிறகு ஆய்வு மாணவருக்கு மிஞ்சுவது என்னவோ, அதைக் கொண்டு அவர் பொறுமை பழகலாம். கல்வராயனின் படம் விண்ணிலிருந்து ஐரோப்பாவுக்கு இறங்குகிறது, கடலடிக் கம்பியில் இந்தியாவுக்கு வருகிறது, கள்ளக்குறிச்சி வரை குறையில்லாமல் வந்துவிடுகிறது. தான் பிறந்த மலையின் அடிவாரத்துக்கு வந்த பிறகு, கடைசிச் சில நூறு மீட்டரில்தான் அது ஓய்வெடுக்கிறது. அந்த ஓய்வுக்கு ஏற்பாடு செய்தவர்கள் நீங்கள்.

இங்கே பெரிய ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லை, அதனால் பெரிய கம்பியும் தேவையில்லை என்று நீங்கள் எடுத்த முடிவின் உறுதியைத் தனியாகப் பாராட்ட வேண்டும். கம்பி இல்லாததால் ஆராய்ச்சி இல்லை, ஆராய்ச்சி இல்லாததால் கம்பி இல்லை. எந்தப் பக்கம் தட்டினாலும் விரிசல் விடாத வாதம். மரவள்ளிச் செடி மட்டும் இந்த வாதத்துக்குக் கட்டுப்படவில்லை. மலையின் சேலம் பக்கத்து அடிவாரத்தில், ஏத்தாப்பூரில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோயோடு இந்தப் பகுதி உழவர்கள் காலங்காலமாக மல்லுக்கட்டுகிறார்கள். அது போதாதென்று 2020-இல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, சேலம், நாமக்கல் வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு மருந்து ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மாவுப்பூச்சியைத் தின்று வளரும் ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைப் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, பெங்களூரில் வளர்த்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் வயலுக்கு விட்டார்கள். குளவி மலையடிவாரம் வரை வந்துவிட்டது.

இதன் அடுத்த படி எது என்று உழவனைக் கேட்டாலே சொல்வான். எந்தச் சரிவுச் செடி நோய்க்கு நிற்கிறது, எது விழுகிறது? நிற்கும் செடியில் என்ன இருக்கிறது? மரபணுத் தொடரைப் படித்தால் தெரியும். மரவள்ளியின் மரபணுத் தொகுதியில் எழுபது கோடிக்கு மேற்பட்ட எழுத்துகள். பிழை நீக்கிப் படிக்க அதையே முப்பது மடங்கு படிக்க வேண்டும். ஒரு செடிக்கே பல கிகாபைட் ஆகும், நூறு செடி என்றால் டெராபைட்டைத் தொடும். நொடிக்கு 10 மெகாபிட்டில் ஒரு டெராபைட் போய்ச்சேர ஒன்பது நாளுக்கு மேல். 10 கிகாபிட்டில் கால் மணி நேரம்கூட இல்லை. மலையடிவாரக் கச்சிராயபாளையத்து மரவள்ளிக்கும் சென்னைக் கிண்டிக்கும் இடையிலுள்ள தூரத்தை நீங்கள் கிலோமீட்டரில் அளந்தீர்கள். 1986-இல் கல்வி, ஆய்வு வலைப்பின்னலான எர்நெட் தொடங்கியபோதே அதில் பங்கேற்ற எட்டு நிறுவனங்களில் ஒன்று கிண்டிப் பக்கத்துச் சென்னை ஐஐடி. முறை என்று ஒன்று வேண்டும் அல்லவா? கிண்டிக்கு 1986 என்றால் கள்ளக்குறிச்சிக்குத் தன் முறை வரட்டும் என்று காத்திருக்கச் சொன்னீர்கள், காத்திருக்கிறோம்.

பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலை மேம்படுத்துவதற்கு முன் பல்கலைக்கழகம் எது என்று தெரிய வேண்டும். அந்தக் கவலையையும் எங்களுக்கு வைக்கவில்லை. கள்ளக்குறிச்சிக் கல்லூரிகள் வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்தன. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் புதிய பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் அதைச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் சட்டமும் வந்தது. ஒரே ஆண்டில் மூன்று தாய்வீடுகள். ஒரு கட்சி தொடங்கியதை மறுகட்சி முடித்துவைத்தது, இருவரும் தங்கள் வேலையைத் தாமதமின்றிச் செய்தார்கள். சர்வரும் ஸ்விட்சும் வாங்கி, கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் இழுத்து, ஆள் போட்டு, அதன் பிறகு மூடியிருந்தால் எவ்வளவு வீண்செலவு? அதற்கெல்லாம் இடம் கொடுக்காமல் ஏழே மாதத்தில் முடித்தீர்கள்.

2022 ஜனவரி 12 அன்று கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் பதினொரு புதிய மருத்துவக் கல்லூரிகளைப் பிரதமர் காணொலி வழியே ஒருசேரத் திறந்துவைத்தார். ஒரு கல்லூரியைத் திறக்க ஒரு காணொலி போதும் என்று கண்டறிந்தது பெரிய சாதனை. காணொலிக்கு நொடிக்குச் சில மெகாபிட் இருந்தால் தீர்ந்தது. திறந்த கல்லூரியில் நூற்றுக்கணக்கான சிடி ஸ்கேன் படங்களைச் சேர்த்துவைத்து ஆராயவும், வேறு ஊர் மருத்துவக் கல்லூரியோடு ஒப்பிடவும் எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி திறப்பு விழா நிகழ்ச்சிநிரலில் இடம்பெறும் கேள்வி இல்லை.

2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ஒப்புதல் கொடுத்தீர்கள். ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை 6,300 அரசு நிறுவனங்களில் படிக்கலாம். இதை மனமாரச் சொல்கிறேன், நல்ல திட்டம். சந்தா கட்ட வழியில்லாமல் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்துக் காலம் தள்ளியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கட்டுரை ஒன்றிரண்டு மெகாபைட், எந்தக் கம்பியிலும் வந்துவிடும். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், இந்த ஆய்வின் மூலத்தரவு இங்கே இருக்கிறது என்று ஒரு சுட்டி இருக்கும். அந்தச் சுட்டியைத் தட்டினால் 400 கிகாபைட். பிறர் செய்த ஆராய்ச்சியைப் படிக்க மூன்றாண்டுக்கு 6,000 கோடி, நாமே செய்வதற்கான வலைப்பின்னலுக்குப் பத்தாண்டுக்கு 5,990 கோடி என்று நீங்கள் பிரித்த பிரிவில், அடுத்தவர் உழைப்பின்மேல் உங்களுக்குள்ள மதிப்பு தெரிகிறது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அநியாயம். பெரும்பாலான வளாகங்களில் வெளியுலகத்துக்குப் போகும் வழி ஒன்றே, அந்த வழியில் ஃபயர்வால் ஒன்று. ஆயிரம் பேர் மின்னஞ்சல் பார்ப்பதற்கும் பாடக் காணொலி பார்ப்பதற்கும் அது சரியான காவல். ஆய்வுத் தரவு அப்படி வராது. ஒரே மூச்சாக, பெரிய ஓட்டமாக வரும். அதையும் நிறுத்திப் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துப் பார்ப்பது, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் கரும்பு லாரியை வழிமறித்து ஒவ்வொரு கரும்பாக உருவிச் சோதிப்பதற்குச் சமம். உள்ளே கள்ளச்சரக்கு போகாது. அரவைப் பருவமும் முடிந்துவிடும்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு வலைப்பின்னலான இஎஸ்நெட் பொறியாளர்களுக்கு இந்தப் பக்குவம் போதவில்லை. அவர்கள் 2013-இல் சயன்ஸ் டிஎம்இசட் என்ற அமைப்பைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். வளாகத்தின் வாசலிலேயே ஆய்வுத் தரவுக்கு என்று தனிப்பாதை பிரித்துவிடுவது, பெரிய கோப்புகளை அனுப்பவும் வாங்கவும் மட்டும் ஒரு கணினியை அங்கே நிறுத்துவது, எந்த முகவரிகளிலிருந்து தரவு வரலாம் என்று ரவுட்டரிலேயே கட்டுப்படுத்துவது, பாதையை இடைவிடாமல் அளப்பது. நான்கே வேலை, அதில் நான்காவதுதான் உயிர். ஏன் என்பதற்கு அவர்கள் கண்ட ஒரு பழுதையே சொல்லலாம். 10 கிகாபிட் ரவுட்டர் அட்டை ஒன்று, 22,000 பொட்டலங்களுக்கு ஒன்று வீதம் தவறவிட்டது. நூற்றுக்கு ஏறத்தாழ 0.0045. ரவுட்டரே தன் குறையை அறியவில்லை, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. ஆனால் நெடுந்தூரத் தரவோட்டம் படுத்துவிட்டது. ஒரு பொட்டலம் காணாமல் போனால் வழியில் நெரிசல் என்று நினைத்து அனுப்பும் கணினி தன் வேகத்தைச் சட்டென்று குறைத்துக்கொள்ளும். பக்கத்துக் கட்டடம் என்றால் மறுநொடியே பழைய வேகத்துக்கு வந்துவிடும். கண்டம் தாண்டி என்றால் வேகம் ஏறுவதற்குள் அடுத்த பொட்டலம் தொலைந்திருக்கும். 1,000 மெகாபிட் வழியில் சில பத்து மெகாபிட்டோடு ஓட்டம் நின்றுவிடும்.

இந்தக் குறை அளந்தால் மட்டுமே தெரியும். பெர்ஃப்சோனார் என்ற இலவச மென்பொருளைச் சின்னக் கணினி ஒன்றில் போட்டு வாசலில் வைத்தால் இரவும் பகலும் அளந்துகொண்டே இருக்கும். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2012-இலிருந்து வளாக வலைப்பின்னல்களை இப்படிச் சீரமைப்பதற்கு என்றே நிதி தந்துவருகிறது, சிறிய கல்லூரிகளுக்கும் தருகிறது. நீங்கள் அந்தத் தொல்லையில் எங்களை மாட்டிவிடவில்லை. எங்கள் கல்லூரிகளில் வேகத்தை அளப்பது என்றால், ஆய்வுக்குழு வரும் நாளில் முதல்வர் அறைக் கணினியில் ஒரு வேகச் சோதனைப் பக்கத்தைத் திறந்து காட்டுவது. முள் வலப்பக்கம் பாயும், குழுவினர் குறித்துக்கொள்வார்கள். அளக்காத வரை பழுது இல்லை, பழுது இல்லாத வலைப்பின்னல் என்ற பெருமை நம்முடையது.

அந்தப் பெருமை எங்கே குடியிருக்கிறது என்று பார்க்க விரும்பினால், ஏதாவது ஒரு கல்லூரித் தாழ்வாரத்தில் ஆளுயரத்துக்கு மேல் அடித்திருக்கும் இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அரைநாள் ஆகலாம், ஆனால் பூட்டு உறுதியானது. உள்ளே ஸ்விட்ச் ஒன்று, காற்றாடி நின்றுபோய்ச் சூடாக இருக்கும். நீலக் கேபிள்களில் கிளிப் உடைந்தவை ரப்பர் பேண்டின் தயவில் தொங்கும். மஞ்சள் ஃபைபர் கம்பி ஒன்று, வளையக் கூடாத அளவுக்கு வளைந்து, கதவிடுக்கில் நசுங்கியிருக்கும். பயன்படுத்தாத முனைகளுக்கு மூடி இருக்காது. ஒளி ஓடும் அந்தக் கண்ணாடி இழையின் நடுப்பகுதி 9 மைக்ரான், தலைமுடியின் கனத்தில் சிறு பங்கு. அதன் முனையில் ஒரு தூசி உட்கார்ந்தால் பொட்டலங்கள் விழத் தொடங்கும், 22,000-க்கு ஒன்று என்ன, அதைவிட அதிகமாகவும் விழும். துடைக்கும் பேனா சில ஆயிரம் ரூபாய். அதை வாங்க எந்தத் தலைப்பில் பணம் எடுப்பது என்று தெரியாததால் யாரும் கேட்பதில்லை. பல லட்சம் ரூபாய்க்கு ஃபயர்வால் வாங்கத் தலைப்பு உண்டு. சிறு பொருளுக்கு அரசுப் பணத்தை வீணாக்காத உங்கள் கண்டிப்புக்கு அந்தத் தூசிதான் சாட்சி.

இத்தனைக்கும் நடுவில் கள்ளக்குறிச்சிக்கு ஓர் அருமையான ஆய்வு வலைப்பின்னல் இருக்கத்தான் செய்கிறது. அது அரசுப் போக்குவரத்துக் கழகம். இரண்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, சென்னையில் ஓர் ஆய்வகத்திலிருந்து புறப்பட்டு, ஐந்து மணி நேரத்தில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கும் மாணவியைக் கணக்கில் எடுங்கள். நொடிக்குக் கிட்டத்தட்ட 890 மெகாபிட். திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்திய நேரத்தையும் சேர்த்தே சொல்கிறேன். இந்த வேகத்தைக் கள்ளக்குறிச்சிக்குத் தந்த ஓட்டுநரையும் நடத்துநரையும் மனதாரக் கும்பிடுகிறேன். டிஸ்க் வழியில் பழுதானால் அந்தப் பெண் மறுபடி டிக்கெட் எடுத்துச் சென்னை போவாள். உதவித்தொகை வராத மாதமாக இருந்தால் அடுத்த மாதம் போவாள். அவள் மடியில் வைத்திருக்கும் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி தூங்காமல் வருவதை அந்தப் பேருந்தில் வந்த எவரும் பார்க்கலாம். உங்கள் பட்டியலில் அவள் படிக்கும் கல்லூரி 'இணைக்கப்பட்டது'.

இயலாதவர்கள் என்று யாராவது உங்களைச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலடி ஃபைபர் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய். வங்கக் கடலின் அடியில் அவ்வளவு தூரம் கண்ணாடி இழையைப் பத்திரமாகப் படுக்கவைக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகச் சுமார் 1,815 கோடியில் திட்டம் போடத் தெரிந்தவர்கள். கல்வராயன்மேல் இருக்கும் வெள்ளிமலைக்கு ஏறும் கொண்டைஊசி வளைவுகளும் ஆடிக்காற்றில் விழும் மரங்களும் வங்கக் கடலைவிட ஆழமானவை என்று நான் நம்பத் தயாரில்லை. வெள்ளிமலையில் பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளி நடக்கிறது. அங்கே பிளஸ் டூ முடித்துத் தாவரவியல் படிக்க இறங்கி வரும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்குத் தன் மலையின் கடுக்காய் மரத்தைப் பற்றி நமக்குத் தெரியாதது நிறையத் தெரியும். அது தெரிந்த பிள்ளைக்கு ஆராய்ச்சிக்கான வசதி எதற்கு என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். மலையே ஜாகிர்தார்களிடமிருந்து முழுதாக அரசின் கைக்கு வந்தது 1976-இல்தான். 2024-இல் கள்ளக்குறிச்சிக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு இந்த மலைமக்களின் அடிப்படை வசதிகள் பற்றி உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. சாலையும் மருத்துவமும் கேட்கும் இடத்தில் கிகாபிட் கேட்பது அடாவடி என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், அதையும் எங்கள்மேலுள்ள கரிசனமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு பதவியை மட்டும் நீங்கள் உருவாக்காமல் விட்டீர்கள். டெண்டர் பட்டியலில் ஸ்விட்ச் உண்டு, ரேக் உண்டு, யுபிஎஸ் உண்டு, மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு, ஆள் இல்லை. கல்லூரியில் கணினி தெரிந்த ஒருவர் இருப்பார். சேர்க்கை, தேர்வுக் கட்டணம், அடையாள அட்டை, பழுதான பிரிண்டர் எல்லாம் அவர் தலையில். பெரும்பாலும் தொகுப்பூதியம். இவ்வளவையும் ஒரே ஆளைக் கொண்டு நடத்திக்காட்டிய சிக்கனத்துக்கு ஈடே கிடையாது. இதே மாவட்டத்தில் படித்த பிள்ளைகள் ஓஎம்ஆர் சாலையில் தரவு மையங்களில் இராப்பகலாக வெளிநாட்டு வங்கிகளின் வலைப்பின்னலைக் கண்விழித்துக் காக்கிறார்கள். 22,000-க்கு ஒரு பொட்டலம் விழுந்தால் அதைத் தேடிப் பிடிக்க அவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவரை நிரந்தரச் சம்பளத்தில் கள்ளக்குறிச்சிக்குக் கூப்பிட்டால் வருவார். வந்த முதல் வாரம் அந்த இரும்புப் பெட்டியின் பூட்டைத் திறப்பார், மஞ்சள் கம்பியின் முனையைத் துடைப்பார், ஆய்வுத் தரவுக்கு ஃபயர்வாலைச் சுற்றி ஒரு தனிப்பாதை பிரிப்பார், சின்னக் கணினி ஒன்றை வாசலில் நிறுத்தி, சிதம்பரத்துக்கு எவ்வளவு, கிண்டிக்கு எவ்வளவு, ஐரோப்பாவுக்கு எவ்வளவு என்று அளந்து, தாவரவியல் துறைக் கதவில் ஒட்டுவார். அந்தத் தாளின் நகல் ஒன்றை, உங்கள் பட்டியலோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, மாதாமாதம் உங்களுக்கும் அனுப்பச் சொல்கிறோம்.